இலை உருவிய கொடி

வீஸ்ப், சுவிஸ்
20.7.1986

அன்பின் யசோதரா,

உனக்கும் பிள்ளைக்கும் சுகம்தானே? என் இருமல் விட்டுவிட்டது.

இதைக் கேள்! முதலாளியின் தோட்டத்தில் ஹிம்பெர்ட்சா என்று வைனுக்கான வெள்ளைத் திராட்சை நிற்கிறது. இந்த மலையிலேயே நாலு கொடிதான் மிச்சம். அதில் மூன்று வருடமாகக் காய்க்காத ஒரு கொடியில் இலையைக் குறைக்கச் சொன்னார். நானோ ஊரில் நம் திராட்சைப் பந்தலில் நீ செய்வதுபோலக் கொப்பை வெட்டி, ஓரிலை விடாமல் உருவிவிட்டேன்.

"கொடியைச் சாக்காட்டிப்போட்டாயே!" என்று தன் பாஷையில் கத்தினார். வேலை போச்சு என்றே நினைத்தேன். பதினைந்தாம் நாள் புதுத் தளிர், அதில் பூங்கொத்து!

"ஆரிட்டைப் படிச்சனீ?" என்று கேட்டார்.

"என்ரை மனுசியிட்டை."

"அவவை எப்ப இங்கை கூப்பிடப் போறாய்?"

மற்ற மூன்றையும் என்னிடமே விட்டுவிட்டார். கொப்பில் எத்தனை தளிர்க்கண் விட்டு வெட்டுவாய் என்று உடனே எழுது. எனக்கு எல்லாம் தெரியும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கடைசியாகக் கேட்டதற்கும் நீயே ஒரு பதில் எழுதிவிடு.

தபால் பெட்டியைத் திறந்து கடிதம் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன்
குலேந்திரன்