ஆமென் சொல்லிக் கொடுத்த கார்

அன்பு மகள் லிடியாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் கம்மியாகவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லப்போகிறாய், அதனால் கேட்கவில்லை. போனில் கார் பேச்சை எடுத்தாலே டியூட்டி என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா, அதனால்தான் எழுதி, லீவு முடிந்து நீ இருக்கும் குவைத்துக்கே திரும்புகிற நம் ஊர்ப் பிரவீன்குமாரிடம் கொடுத்தனுப்புகிறேன். கல்வராயன் மலையில் நல்ல மழை, நம் மரவள்ளியும் பரவாயில்லாமல் நிற்கிறது.

உன் பழைய நம்பர் சிம் என் போனில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிட்டாய் போல. மாதாமாதம் உன் கணக்கிலிருந்து கார் தவணை போகிற செய்தி எனக்குத்தான் வருகிறது. ராபின் சீட் பெல்ட் போடாமல் திருக்கோவிலூரில் போனதற்கு அபராதமும் உன் பேருக்குத்தான் வருகிறது. கோர்ட்டில் பிரிந்த பிறகும் மாப்பிள்ளை எங்கே சுற்றுகிறார் என்று மாமியாருக்குத் தெரிவது நம் வீட்டில் மட்டும்தான் இருக்கும்.

நம் ஆட்கள் செய்த வேலை அப்படி. கல்யாணத்தின்போது உன் நர்ஸ் சம்பளத்தைக் காட்டித்தான் அந்தக் காரைக் கடனில் எடுத்தோம். பிரியும்போது நகை உனக்கு, கார் ராபினுக்கு, தவணையும் அவனே கட்டுவது என்று பங்குச் சாமியார் முன்னால் பேசி முடித்து, ஜெபம் சொல்லி, எல்லாரும் ஆமென் போட்டுவிட்டு எழுந்து வந்தோம். ஆமென் சொன்ன பிறகு கையெழுத்து கேட்டால் சாமியாரையே நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பேங்க்காரர் அந்த ஜெபத்தில் இல்லையே. ஆர்.சி. புத்தகத்திலும் கடனிலும் உன் பேர்தான் இருக்கிறது. போன வாரம் கள்ளக்குறிச்சிக்குப் போய்க் கேட்டோம். புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சாலும் கடன் பிரியாதும்மா, கையெழுத்துப் போட்டவங்களத்தான் கேப்போம் என்று மேனேஜர் பொறுமையாகச் சொன்னார். அந்த வண்டி யார் மேலாவது மோதினால் கேஸில் உன்னையும் இழுப்பார்கள் என்றார். அன்றைக்கு அப்பா சோற்றைத் தொடவில்லை.

மறுநாளே பக்கத்து வீட்டுச் சின்னதுரையைக் கூட்டிக்கொண்டு மணலூர்பேட்டையில் ராபின் வீட்டுக்குப் போனோம். வண்டி இல்லன்னா வேலைக்கு எப்டி அத்தை போறது, லிடியாதான் கட்டிக்கினு வர்றாளே, அவ ஒண்ணும் கேக்கலியே என்றான் ராபின். கேக்காம இருக்கறது அவ மனசுப்பா, அத வச்சி நீ வண்டி ஓட்டாத, வண்டி வேணும்னா கடனையும் உன் பேருக்கு மாத்திக்கோ, முடியலன்னா சாவியக் குடு என்றேன். அவனுக்கு ஏற்கெனவே வேறு கடன் இருக்கிறதாம், பேங்க் மாற்றித் தராதாம். உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து அப்பா கையில் வைத்தான். வண்டிக் கண்ணாடியில் நீ தொங்கவிட்ட ஜெபமாலையை அவன் கழற்றவே இல்லை. போகும்போது வழியெல்லாம் திட்டிக்கொண்டு போன எனக்கு வரும்போது திட்ட வாய் வரவில்லை. சின்னதுரைதான் ஓட்டிவந்தான்.

இனி வண்டியை விற்றுக் கடனை அடைத்துவிடலாம், குறைவதை மரவள்ளி பிடுங்கியதும் போடுகிறேன் என்கிறார் அப்பா. அதுவரை தவணையை மட்டும் தவறவிடாதே, பேர் உன்னுடையது. ஆனால் விற்பதற்கு நீ வந்து கையெழுத்துப் போட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். கிடைக்காதது லீவு இல்லை, டிக்கெட்டுக்குப் பணம்தான் என்று பெற்றவளுக்குத் தெரியாதா. இரண்டு ஆட்டை விற்றாயிற்று, டிக்கெட்டும் போடச் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று நீ சண்டை போட்டாலும் ஆடு திரும்பி வராது. உன்னைப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை கண்ணு, கையெழுத்தெல்லாம் ஒரு சாக்குதான்.

இன்னொன்று. கல்யாணமான பிறகு நீங்கள் அந்தக் காரில் நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன் மாமியார் முன்னால் இருப்பார், நீ பின்னால் பைகளுக்கு நடுவில் இருந்து இறங்குவாய். உன் சம்பளத்தில் ஓடின வண்டியில் நீ முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சின்னதுரை ஏர்போர்ட்டுக்கு அந்தக் காரைத்தான் கொண்டுவருவான்.

மாதா உன்னைக் கூடவே இருந்து காப்பாற்றட்டும். நைட் டியூட்டி என்று வெறும் டீயைக் குடித்துக்கொண்டு கிடக்காதே, வேளைக்குச் சாப்பிடு. பெட்டியைப் பின்னால் போட்டுவிட்டு, நீ முன் சீட்டில் உட்கார்ந்து வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா பவுலின், அப்பா சூசை
தியாகதுருகம்