குழாய்ப் பள்ளம்

2024 மே 9
தண்ணீர் விடும் நாள். வாசல் குழாயில் காற்றுதான் வந்தது. பள்ளத்துக்குள் இறங்கி, அங்கே தாழ்த்தி வைத்த குழாயில் ஆறு குடம் பிடித்தேன். போன வருடம் முழங்கால் அளவு இருந்த பள்ளம் இப்போது இடுப்பளவு. எதிர்வீட்டு மஞ்சு ஆழமாகத் தோண்டினால் எனக்கு வராது, நான் தோண்டினால் அவளுக்கு வராது. தெருவே போட்டி போட்டுக் கீழே போகிறது. மாவுக்கடை வைத்திருப்பவள் வேறு என்ன செய்ய? போர் தண்ணீர் ஒரே உப்பு. அதில் ஆட்டினால் இட்லி கல்லாகத்தான் வரும்.

ஜூலை 18
புது ரோடு போட்டார்கள். பழையதைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே. இதோடு மூன்றாவது தடவை. என் வாசற்படி ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. நகராட்சி ஆபீசிலிருந்து வந்த இன்ஜினியர் பூங்குழலியிடம் கேட்டேன். "சுரண்டுறது எஸ்டிமேட்டுல இல்லீங்கக்கா" என்கிறாள். மழைத்தண்ணி எஸ்டிமேட்ட படிச்சிட்டா வரும்?

ஆகஸ்ட் 2
தெருக்கோடியில் கொளஞ்சி அக்கா வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். மூன்றடி. வசதி இருக்கிறது, தூக்குகிறாள். ரோடு ஏறினால் வீடு ஏறணும், அப்புறம் மறுபடி ரோடு ஏறும். எங்கேதான் போய் முடியும்? லோடு இறக்கிவிட்டு வந்த என் வீட்டுக்காரர், "நம்ம வூட்டையும்..." என்று ஆரம்பித்தார். நான் சோற்றைப் போட்டேன்.

அக்டோபர் 16
மழை. ரோட்டுத் தண்ணீர் அத்தனையும் வீட்டுக்குள். கிரைண்டரைக் கட்டில்மேல் ஏற்றினோம். சாக்கடை எது, பள்ளம் எது, வாசல் எது என்றே தெரியவில்லை. மே மாசம் ஒரு குடத்துக்கு நாயா அலைஞ்சேன். இப்ப கட்டிலுக்கு அடியில ஓடுது.

அக்டோபர் 24
குழாய்த் தண்ணீர் நாறுகிறது. ஊற வைத்த அரிசி மொத்தத்தையும் கொட்டினேன்.

நவம்பர் 5
மஞ்சுவின் மகள் அபிநயாவுக்கு மஞ்சள் காமாலை. ஏழு வயசுப் பிள்ளை, துணி மாதிரி கிடக்கிறது ஆஸ்பத்திரியில். தெருவில் இன்னும் நாலு பேருக்கு. ஆபீசுக்குப் போய்க் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. கத்தினதுதான் மிச்சம்.

நவம்பர் 6
நேற்று கத்தினது வீண் இல்லை, பூங்குழலி வந்தாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்க வந்தாள் என்று நினைத்தேன். நேராக என் பள்ளத்தருகே போய் நின்றாள்.

"தண்ணி நிறுத்தினதும் பைப்பு காலியாகும்க்கா. அப்ப வெளியில இருக்கறத உள்ள இழுக்கும். குழாய் சாக்கடைத் தண்ணியில முழுகிக் கெடந்தா அதத்தான் இழுக்கும். ஒரு பள்ளத்துல போனாலும் தெரு முழுக்கப் போயிடும்."

மஞ்சு பக்கத்தில்தான் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் விடவில்லை. "சரி, சாக்கடையப் பள்ளத்துக்குத் தள்ளிவிட்ட ரோடு யாரு போட்டது?"

"அது எங்க தப்புதான்" என்றாள். ஆபீஸ்காரர் வாயால் இப்படி ஒரு சொல் இன்றுதான் கேட்டேன்.

நவம்பர் 10
பள்ளத்தை மூடினோம், நானும் மஞ்சுவும். குழாய் எல்லா வீட்டிலும் ரோட்டுக்கு மேலே ஒரே உயரத்தில் இருக்கணும் என்று தெருவில் பேச்சு. எல்லாரும் மூடிவிட்டார்கள். கொளஞ்சி அக்கா மட்டும் "பாக்கலாம்" என்றாள்.

2025 ஏப்ரல் 10
வாசல் குழாயில் பொட்டுத் தண்ணீர் இல்லை. கல்லங்குறிச்சிக் கோயில் தேர் வருகிறது, மாவு கேட்டு ஆள்மேல் ஆள். கொளஞ்சி அக்கா பள்ளத்தில் மட்டும் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறதாம். கொட்டாதா? தெருவிலேயே தாழ்ந்த குழாய் அதுதானே. வீட்டுக்காரர் எங்கள் பள்ளத்தை மறுபடி தோண்டக் கடப்பாரையைத் தூக்கினார். பிடுங்கி வைத்தேன். மூடினவள் முட்டாள், மூடாதவள் கெட்டிக்காரி. நல்ல நியாயம்.

ஏப்ரல் 13
அக்கா வீட்டில் கேன் தண்ணீர் இறங்குகிறது. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம், அவள் குடிக்க. அப்ப அந்தப் பள்ளத்துத் தண்ணி? பாத்திரம் கழுவவும் துணி அலசவுமா? போய் வாசலிலேயே கேட்டேன். "ஒம் மவ குடிக்கக் கூடாத தண்ணிய காமாலையில பொழச்சு வந்த மஞ்சு மவ குடிக்கலாமாக்கா?"

அக்கா கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஏப்ரல் 16
அக்கா பள்ளத்தை மூடிவிட்டாள்.

ஏப்ரல் 18
தண்ணீர் வந்தது. நூல் மாதிரிதான், ஆனால் நாற்றமில்லை. எனக்கு நாலு குடம், மஞ்சுவுக்கு நாலு. ஜெயித்த நினைப்பில் தெருக்கோடி வரை நடந்தேன்.

அக்கா உயர்த்திய வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். குழாயடியில் காலிக் குடம். பைப் லைனில் கடைசி வீடு, எல்லாரும் பிடித்து மிச்சம் ஒன்றும் அங்கே போகவில்லை.

"பள்ளம் இல்லாம எனக்கு என்னைக்கு வந்துது, ஜெயா?" என்றாள். சண்டைக்குக்கூடக் கேட்கவில்லை.

ஏன் எனக்கு இது தோணல? ஆபீசைத் திட்டினேன், ரோட்டைத் திட்டினேன், அக்காவைத் திட்டினேன். பைப் எங்கே முடிகிறது என்று ஒரு நாள் பார்த்தேனா? இனி கோடி வீட்டிலிருந்து முதலில் விட ஒரு வழி பண்ணணும், ரோட்டையும் சுரண்டணும். திங்கட்கிழமை நானும் மஞ்சுவும் அக்காவுமாக ஆபீசுக்குப் போகிறோம். பூங்குழலி பாவம்தான், ஆனாலும் விடப்போவதில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு குடம் எடுத்துக்கொண்டு போனேன். பின்னாலேயே மஞ்சுவும் ஒன்று கொண்டுவந்தாள். கடைக்கு நாளை பாதி மாவுதான். அக்கா வாங்கி வைத்துவிட்டு எங்களையே பார்த்தாள். உள்ளே இருந்து நிறைமாத வயிற்றோடு வந்த மகள் கேனை விட்டு எங்கள் குடத்தில் ஒரு டம்ளர் மொண்டு, எங்கள் முன்னாலேயே குடித்தாள்.