இரண்டு கோரைப்பல்

ராயபுரம்,
மாசி, 1953

பவுனம்மாளுக்கு,

நான் சுகம்தான். அம்மாவின் முட்டிவலியும் உன் இருமலும் தேவலையா? கோபத்தில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே.

இங்கே சிறுவர் பத்திரிகைக்குப் பூதமும் பிசாசும் வரைகிறேன் அல்லவா, என் கோடு நடுங்குகிறது என்று தலைமை ஓவியர் பொன்னுரங்கம் தினமும் எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்குவார். "இன்னாபா, கோடு போட்றியா, எறும்பு மேய்க்கிறியா? உன் பூதத்துக்கே குளிர் ஜுரம் வந்தா மாரி கீது!"

போன வாரம் ஒரு வனதேவதை கேட்டார்கள். பென்சிலைத் தொடவே இல்லை. உன் முகத்தை நினைத்துக்கொண்டு நெற்றி, மூக்கு, உதடு, முகவாய் என்று தூரிகையை ஒரே இழுப்பில் கழுத்துவரை இறக்கினேன். கை நடுங்கவில்லை. அந்த மனுஷனே, "இதாம்பா கோடு!" என்றார்.

இன்று இதழ் அச்சாகி வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன் வாயில் இரண்டு கோரைப்பல்லை ஒட்டிப் பிசாசாக்கி, அட்டையிலேயே போட்டுவிட்டார்! கேட்டால், "கோடு நல்லா கீதுன்னுதானே அட்டைல போட்டேன், இன்னாத்துக்கு பேஜார் பண்றே?" என்கிறார். தூரிகையை அவர் மேஜைமேல் வீசிவிட்டு வந்துவிட்டேன். நாளை போய் எடுத்துக்கொள்வேன், போகாமல் என்ன செய்வது?

யாராவது இந்தப் பக்கம் வந்தால் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பு. கடைச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. உன் புகைப்படம் ஒன்றும் வை.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான். வந்தவாசிக் கடையில் அந்த இதழ் தொங்கினால் பார்க்காமல் வந்துவிடு. பார்த்துவிட்டால், அந்தப் பல்லை மட்டும் விரலால் மறைத்துக்கொள். மற்றதெல்லாம் நான் போட்டது.

உன்
தணிகாசலம்