திரும்பி வந்த பதினொரு தகரங்கள்

கொய்ஜெயிஸ்,
ஏப்ரல் 24

அன்பு மகள் நெர்மினுக்கு,

உங்கள் வாசனைத் தொழிற்சாலைக்கு நான் அனுப்பிய சிக்லா மரத்து எண்ணெயில் பதினொரு தகர டின்கள் செவ்வாய்க்கிழமை திரும்பி வந்துவிட்டன. பைன் பிசின் கலந்திருக்கிறது, ஏற்க முடியாது என்று எழுதி நீதான் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அல்லாஹ் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். மூன்று வாரமாக நீ போன் பண்ணாததற்கு அம்மா என்னென்னவோ காரணம் சொல்கிறாள், எனக்கு ஒரே காரணம்தான் தெரிகிறது. அப்பா ஆசைப்பட்டுக் கலந்துவிட்டார் என்று நினைத்திருப்பாய். கலந்தது நான் இல்லை, ஆனால் கலந்ததை வாங்கியது நான்தான்.

ஜனவரியில் காய்ச்சலில் கிடந்தேன் அல்லவா, அது போகும்போது என் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் பால் தீய்ந்தது எனக்குத் தெரியவில்லை, அம்மா அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். மூலா நகரத்துக்கு டாக்டரிடம் போனேன், வந்தாலும் வரும் வராமலும் போகும் என்றார், அதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு. சிக்லா பட்டையை நெருப்பில் போட்டு முகத்தை அதன்மேலேயே வைத்திருந்தேன், கண்ணில் நீர் வந்தது, வேறொன்றும் வரவில்லை. ஊரெல்லாம் ஆரஞ்சு பூத்திருக்கிறது, நான் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உன் கடிதம் வந்தால் அம்மா பிரிப்பதற்கு முன்னால் முகர்ந்துவிட்டு, பிள்ளை இந்த வாரம் ரோஜாவில் வேலை செய்கிறாள் என்கிறாள், நானும் வாங்கி முகர்ந்துவிட்டு ஆமாம் என்கிறேன்.

வெளியில் சொன்னால் நான் தீர்ந்தேன். பிப்ரவரியில் பட்டையைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கிறவர்கள் தகரங்களோடு விற்க வந்தபோது வழக்கப்படியே எல்லாம் செய்தேன், மேலே நிற்கும் தண்ணீரை வடித்து, சுண்டுவிரலால் எண்ணெயைத் தொட்டுப் புறங்கையில் தடவி, ஒரு டீ குடித்து முடிக்கும் வரை ஆறவிட்டு, முகர்ந்து, தலையாட்டினேன். வெறும் நாடகம். எதிரே உட்கார்ந்திருந்த ரஃபெத் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என்னண்ணே, முன்னெல்லாம் என் சரக்குல ஒரு குத்தம் சொல்லாம டீயக்கூடக் கீழ வைக்கமாட்டீங்க, இந்த வருஷம் மூக்குக்கு லீவா?” என்றான். சிரித்து மழுப்பினேன். அடுத்த வாரம் அவன் கொண்டுவந்தவைதான் அந்தப் பதினொன்று.

செவ்வாய்க்கிழமை அவனைக் கூப்பிட்டனுப்பினேன். சத்தம் போடலாம் என்றால், போட்டால் சந்தை முழுக்கச் சொல்லிவிடுவான். அவன் கூச்சமே இல்லாமல், “கலந்தேன்தான்ண்ணே. உங்களுக்குத் தெரியுதான்னு பாக்கத்தான் கலந்தேன். ஒரு திட்டாவது திட்டுவீங்கன்னு பாத்தேன், தலையாட்டிட்டீங்க. எனக்கே சங்கடமாப் போச்சு” என்றான். அவனை அடிப்பதா, அவனோடு உட்கார்ந்து அழுவதா என்று தெரியவில்லை. முப்பத்தொரு வருஷம் இந்த மூக்கை வைத்துத்தான் வீடு கட்டினேன், உன்னைப் படிக்க வைத்தேன். இந்த எண்ணெயில் என்ன கலந்தால் எப்படி மணக்கும் என்று என்னைவிட்டால் இந்த ஊரில் தெரிந்தவன் கலக்கிறவன் ஒருவன்தான். வேறு யாரிடம் போவேன் சொல். கலந்தவனிடமே போய் நிற்கிறீர்களே என்று அம்மா இரண்டு நாளாகக் கோபமாக இருக்கிறாள், அவள் சொல்வதும் நியாயம்தான், எனக்கு வேறு வழிதான் இல்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பாவின் சரக்கு என்று இரக்கப்பட்டு எதையும் ஏற்றுக்கொண்டுவிடாதே. இனி உன் மூக்கு ஒன்றுதான் எனக்குக் காவல். குளிரில் வெறும் தலையோடு போகாதே, சளியைச் சாதாரணமாக நினைக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல மனிதர்களின் துணையும் தரட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு.

உன் அப்பா,
நஸ்மி

பி.கு.: ரஃபெத்தோடு பேசி முடித்தது இது. பதினொரு தகரத்துக்கும் பதில் சுத்தமான எண்ணெய் தருவான். இனி எல்லார் சரக்கையும் அவனே முகர்ந்து பார்ப்பான், நீ திருப்பி அனுப்பினால் நஷ்டம் அவனுடையது. என் மூக்கு விஷயம் வெளியே போகாது. பதிலுக்கு, வாங்கும் நாட்களில் என் நாற்காலியில் அவன் உட்காருவான், டீ நான் கொண்டுவந்து வைக்க வேண்டும்.