சீமைப்படத்து மகள்

மஞ்சக்குட்டை
18.6.1981

அன்புள்ள அப்பாவுக்கு,

அற்புதம் எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

குழந்தைக்கு அம்மாவின் பெயரையே வைத்திருக்கிறோம், தெரசம்மாள் என்று. அம்மா இருந்திருந்தால் தூக்கியிருப்பாள். அதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு நீங்கள் வேலை பார்க்கும் எஸ்டேட் பங்களாவுக்கு வந்தேன். "முதலாளி ஊட்டு விருந்தாளிங்க இருக்காங்க. வேற சாதிக்காரனக் கட்டிக்கிட்டுப் போனவளுக்கு இங்க என்ன வேல?" என்று கதவைச் சாத்தினீர்கள். மழை விடவில்லை. ஜன்னலோரம் ஒதுங்கினேன்.

உள்ளே ஹாலில், சுவரில் மாட்டியிருக்கும் விக்டோரியா ராணி காலத்துச் சீமைப்படத்தை அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். பனியில் கைக்குழந்தையோடு மண்டியிட்டிருக்கும் மகள். வெளியே போ என்று கை நீட்டும் தகப்பன். "பெத்த மனசு இப்படியும் கல்லாகுமுங்களா?" என்றபோது உங்கள் குரல் உடைந்தது. சின்ன வயதில் எனக்கும் அப்படித்தான் சொல்லி அழுவீர்கள்.

குழந்தைக்கு வந்த காய்ச்சல் இறங்கிவிட்டது.

உங்கள் மகள்
அற்புதம்

ஏற்காடு
5.12.1981

சேசுவுக்குள் அன்பான மகளுக்கு,

காப்பிப்பழப் பறிப்பு, விருந்தாளிகள் என்று பதில் எழுத ஒழியவில்லை. நீ மழையில் நின்ற கதையை முதலாளியம்மாவிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லாசர், இது படத்தில் இருக்கிற கதையேதான். அவளை மன்னித்துவிடுங்கள்" என்றார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று வா. எல்லாரும் இருப்பார்கள். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, குழந்தையோடு முன்வாசலில் மண்டியிடு. நான் வந்து தூக்குவேன். உன் புருஷன் வேண்டாம், பார்க்கிறவர்களுக்கு நன்றாயிராது.

அப்பா
லாசர்

மஞ்சக்குட்டை
14.12.1981

அப்பாவுக்கு,

கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. "உங்கப்பன்தான கண்ணு, போயிட்டு வா. நான் கேட்டுக்கு வெளிய நின்னுக்கறேன்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் முடிவு செய்துவிட்டேன். வரமாட்டேன்.

நீங்கள் மன்னிக்கும்படி நான் ஒன்றும் செய்யவில்லை. பேத்தியைப் பார்க்க ஆசையிருந்தால் பஸ் ஏறி வாருங்கள். தவழ ஆரம்பித்துவிட்டாள். யாரைக் கண்டாலும் கை நீட்டுகிறாள். எங்கள் வீட்டில் நீங்கள் சாப்பிட வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அற்புதம்

ஏற்காடு
27.12.1981

அற்புதத்துக்கு,

கிறிஸ்துமஸ் அன்று வாசலில் விளக்கெல்லாம் போட்டு வைத்திருந்தேன். கேக் வெட்டாமல் காத்திருந்தார்கள். "எங்கே லாசர் உங்கள் பெண்?" என்று முதலாளியம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் நான் என்ன பதில் சொல்வேன்? மழையில் நனைந்த காய்ச்சலில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள், இன்றைக்குத்தான் சேதி வந்தது என்று சொல்லிவிட்டேன்.

ஹாலில் ஈரமில்லாத கண் ஒன்றுகூட இல்லை. முதலாளியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் தாங்கமாட்டாமல் அழுதேன். உங்கள் இரண்டு பேருக்கும் கோயிலில் பூசை வைக்கவும் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் இனி நீ எஸ்டேட் பக்கம் வரவேண்டாம். யாராவது பார்த்துவிட்டால் எனக்குத்தான் தலைகுனிவு.

லாசர்