படத்தில் இல்லாத மச்சான்

எங்கள் எல்லாரையும் படமெடுத்துவிட்டுப் போன என் அருமை மச்சானுக்கு,

உன் காரியம் முடிந்த மறு ஞாயிறு காலை, கள்ளிக்குப்பம் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. உன் தங்கை முன்மொழிந்தாள். கணவன் என்ற முறையில் நான் வழிமொழிந்தேன். அடித்த பிறகுதான் தெரிந்தது, மாட்டுவதற்கு உன் படம் ஒன்றுகூட இல்லை. கேமரா எப்போதும் உன் கையில்தானே இருந்தது?

உண்மையில் ஒன்று இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் என் கம்பெனிக்கு, பழுதான பாகங்களைப் படமெடுத்து அனுப்ப, பிலிமுக்குப் பதில் பிளாப்பி டிஸ்க் போடுகிற டிஜிட்டல் கேமரா வந்த வாரம், நீ பார்க்க வந்தாய். இனி பிலிமுக்கு வேலையில்லை என்று சொல்லி, உன்னையே எடுத்துக் காட்டினேன்.

"இன்னா மாமே, மூக்குதான் கீது, மூஞ்சியக் காணோம்! அழிச்சிடு."

பட்டனை அழுத்தினேன்.

"அவ்ளோதானா? பிலிம்னா இந்த மூக்கு நெகட்டிவ்ல காலத்துக்கும் கெடக்கும்" என்று சிரித்தாய். தோற்றவன் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

இதை அந்த ஞாயிறன்று உன் தங்கையிடம் சொன்னேன். "அந்த மிஷினுக்கு இன்னா அவசரம், எங்க அண்ணன அழிக்கறதுக்கு?" என்றாள்.

பிறகு உன் நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். தலைமுடி வெளுத்து, பல் கறுத்து, நாங்கள் எல்லாரும் வேறேதோ உலகத்தில் நின்றுகொண்டிருந்தோம். மதியம் போனதே தெரியவில்லை. வெயில் முதுகில் இருக்க வேண்டும் என்பாயே, ஏரிக்கரையில் மாலையில் எடுத்த ஒன்றில், தங்கையின் காலடி வரை உன் நிழல் நீண்டு கிடந்தது. நெகட்டிவில் நிழல் வெளிச்சமாகத்தானே தெரியும்? கேமராவைப் பிடித்த இரண்டு முழங்கைகளும் மினுங்கின. தெரிந்தேதான் படத்தில் விழுந்தாயா, மச்சான்?

அதைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். "அண்ணன் படம்னீங்க, அவர் இல்லியேம்மா இதுல?" என்றார் ஸ்டுடியோக்காரர். "நல்லா பாருங்க, எங்க அண்ணன் போட்டோ புடிச்சிகினு கீறாரு" என்றாள்.

பிலிம் நிலைக்குமா, போகுமா, எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் அன்றே உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்: இனி நான் எடுக்கும் படம் எதையும், மூக்கு மட்டும் விழுந்திருந்தாலும், அழிக்கமாட்டேன்.

ஆபீஸ் பிளாப்பிகள் எல்லாம் நிரம்பிவிட்டன. பழுதான பாகங்களை இப்போது பென்சிலால் வரைந்து அனுப்புகிறோம்.

உன் தங்கை வீட்டுக்காரன்