ஒன்பதாம் எண் பனியன்

அன்புள்ள சேவியர் அண்ணா,

போன ஞாயிறு உன் வருஷ நினைவுத் திருப்பலி முடிந்து, பட்டினப்பாக்கம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம். அண்ணி வஞ்சிரம் வறுத்திருந்தார்கள். உன் மகன் அந்தோணி உன்னுடைய ஒன்பதாம் எண் பனியனைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறான். அடியில் நீ ஆடிய வருஷங்களை எழுதவேண்டுமாம். நம் டீமில் ஊரில் மிச்சமிருப்பவன் நான் ஒருவன்தானே, என்னைக் கேட்டான்.

நான் மூன்று வருஷம் கூட்டிச் சொன்னேன். யோசிக்கவே இல்லை அண்ணா, வாய் அப்படிப் பழகிவிட்டது.

நம் கிளப் முடிந்த கதையை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. தி. நகர் பம்ப்செட் கம்பெனி முதலாளிக்குக் கூடைப்பந்து என்றால் பைத்தியம். வேறு வேலையே கிடையாது, பந்து ஆடினால் சம்பளம் என்று நம்மைச் சேர்த்தார். அடையாறு மைதானத்துச் சுவர்மேல் உட்கார்ந்து ஜனம் பார்க்கும். உன் மாமனார் அதைப் பார்த்துத்தானே பெண் கொடுத்தார்?

தொண்ணூறுகளின் நடுவில் பெரியவர் போனார், மகன் வந்தார். டீமைக் கலைத்துவிட்டு, வேண்டுமானால் ஆபீஸில் உட்காருங்கள் என்றார். கேப்டனான உனக்குத் தபால் பிரிவு. முட்டி மேஜைக்குள் நுழையாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து நீ தபால்தலை ஒட்டினாய். போகிறவர் வருகிறவரெல்லாம் "இன்னா கேப்டன், இன்னிக்கு எத்தினி கோலு?" என்பார்கள். கூடைப்பந்தில் கோல் ஏது என்று சொல்லக்கூட நமக்கு வாய் வரவில்லை.

வீட்டில் நீ சொல்லவில்லை. ஆபீஸ் விட்டதும் மந்தைவெளித் தெருமுனையில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் பனியனை நனைத்து மாட்டிக்கொண்டு, பிராக்டிஸ் முடித்தவன்போலப் போவாய். நான் காவல். "குடிக்கத் தண்ணி இல்ல, நீ பனியன நனைச்சிக்கினு கீறியா நைனா" என்று ஒரு அம்மா கேட்டதும் இருவரும் ஓடினோமே, ஞாபகம் இருக்கிறதா? நான்தான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. மூன்று வருஷம் இப்படி ஓட்டிவிட்டு, முட்டி போய்விட்டது, இனிமேல் ஆடமுடியாது என்று வீட்டில் முடித்துக்கொண்டாய்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி என்னோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார்கள். "அவுருதான் பொய் சொன்னாரு, போவட்டும். நீ இன்னும் எதுக்கு தம்பி சொல்லிக்கினு கீறே?" என்று கேட்டார்கள்.

பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"வேர்வை காஞ்சா துணில வெள்ளையா உப்பு பூக்கும். அது பூக்கவே இல்ல. தொவைக்கிறவளுக்குத் தெரியாதா? கடலாண்ட குடியிருந்துக்கினு, அதுல நனைச்சிக்கினு வந்திருந்தாலாவது நம்பியிருப்பேன்."

தெரிந்தே துவைத்திருக்கிறார்கள் அண்ணா. தெரிந்தே மறுநாளைக்கு இஸ்திரியும் போட்டுத் தந்திருக்கிறார்கள். நாம் என்னவோ பெரிய கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. அப்போதே ஏன் கேட்கவில்லை அண்ணி என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"வாசப்படி, பஸ்ஸு, எங்க போனாலும் குனிஞ்சிக்கினே இருந்த மனுசன். என் எதிர்லயும் குனியணுமா?"

பஸ் வந்தது, நான் ஏறவில்லை. அண்ணிக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரிந்திருந்ததா? தெரியாமலே போய்விட்டாயா? யாரிடம் கேட்பேன்?

வருகிற ஞாயிறு அந்தோணியிடம் சரியான வருஷத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ தபால்தலை ஒட்டியதையும், பக்கத்து மேஜையில் நான் உறை மடித்ததையும் சேர்த்தே சொல்கிறேன். உன் வீட்டு வாசல் என் உயரத்துக்கு இடிக்காது. ஆனாலும் அன்றைக்குக் குனிந்துதான் நுழைவேன்.

உன் கைக்கே பந்தைப் போட்டுப் பழகிய தம்பி,
கபீர்